டெல்லி மேல்சபையில் நமக்கு ஆள் உண்டா?



போன மாதம் ஒரு கிளைக் கூட்டத்தில் பெரியவர் ஒருத்தர் எழுந்து கேட்டார். "ஓட்டுப் போட்ட எம்.பி. யாருன்னு தெரியும். இந்த ராஜ்யசபா எம்.பி.ங்கிறாங்களே, அவரு யாரு? அவருக்கு நாம ஓட்டே போடலையே, அப்புறம் எப்படி அவரு நமக்கு எம்.பி.?" கூட்டத்தில் எழுபது பேர் இருந்தோம். ஒருத்தருக்கும் சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. மேடையில் இருந்த எங்களுக்கும்தான். அந்த வெட்கத்தில் எழுதியது இந்தப் பிரசுரம்.

உரவிலை பேசாமல், கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்கு வாங்கும் லஞ்சத்தைப் பேசாமல், மேல்சபையைப் பற்றி எதற்கு என்று கேட்கலாம். கேளுங்கள். மூட்டைக்கு எவ்வளவு என்பது களத்து மேட்டில் முடிவாவதில்லை. நம் நிலத்தை எடுக்கலாமா கூடாதா, நெல்லை யார் வாங்கலாம், விதையை யார் விற்கலாம் என்பதெல்லாம் நம்மைக் கேட்காமல் டெல்லியில் ஒரு கட்டடத்துக்குள் முடிவாகிறது. அந்தக் கட்டடத்தில் இரண்டு சபை இருக்கிறது. ஒன்றில் தப்பினால் இன்னொன்றில் பிடிக்கலாம் என்றுதான் இரண்டு வைத்தார்கள். அந்த இரண்டாவது பிடி நமக்கு எப்போது உதவியது, எப்போது கைவிட்டது என்று பார்த்துவிடுவோம்.

நிலம் கிரயம் பேசுகிறோம். பத்திரம் எழுதி வருகிறது. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் என்ன செய்கிறோம்? "மாப்ளே, இதக் கொஞ்சம் படிச்சுப் பாரு" என்று விவரம் தெரிந்த இன்னொருத்தரிடம் கொடுக்கிறோம். எழுதியவர் மேல் சந்தேகம் என்று இல்லை. சர்வே நம்பர் தப்பாக இருக்கலாம், வண்டிப்பாதை விட்டுப் போயிருக்கலாம், கிணற்றில் நம் பங்கு விட்டுப் போயிருக்கலாம். பதிவு ஆனபிறகு அழுது பிரயோஜனம் இல்லை. சட்டத்துக்கு அப்படி இரண்டாவது தடவை படிப்பவர்தான் மேல்சபை. அவ்வளவுதான் விஷயம்.

நம் நாட்டு மாநிலங்களவை 1952-ல் கூடியது. மொத்தம் 245 பேர். அதில் 233 பேரை மாநிலச் சட்டமன்றங்களும், சட்டமன்றம் உள்ள யூனியன் பிரதேசங்களும் தேர்ந்தெடுக்கின்றன. அதாவது நாம் ஓட்டுப் போட்ட எம்.எல்.ஏ.க்கள் ஓட்டுப் போட்டு அனுப்புகிறார்கள். மீதி 12 பேர் ஜனாதிபதி நியமனம். பதவி ஆறு வருஷம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு பேர் ஓய்வு பெறுவார்கள், சபை மட்டும் கலையாது. தமிழ்நாட்டுக்கு 18 இடம். பெரியவர் கேட்ட கேள்விக்கு இதுதான் நேரான பதில். நம் ஓட்டு அங்கே போகிறது, சுற்றி வளைத்துப் போகிறது.

இனி கதைக்கு வருவோம்.

2013-ல் புது நிலம் எடுப்புச் சட்டம் வந்தது. அதற்கு முன் இருந்தது 1894-ல் வெள்ளைக்காரன் போட்ட சட்டம். புதுச் சட்டத்தில் நமக்கு முக்கியமானது இரண்டு. தனியார் கம்பெனிக்கு நிலம் எடுத்தால் நிலத்தை இழப்பவர்களில் 80 சதம் பேர் சம்மதிக்க வேண்டும், அரசும் தனியாரும் சேர்ந்த திட்டம் என்றால் 70 சதம். நிலம் போனால் ஊர் என்ன ஆகும் என்று முன்கூட்டியே ஆய்வு செய்ய வேண்டும். சட்டம் அமலுக்கு வந்து ஒரு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை. 2014 டிசம்பர் 31-ந் தேதி மத்திய அரசு ஒரு அவசரச் சட்டம் போட்டது. ஐந்து வகைத் திட்டங்களுக்கு விவசாயி சம்மதமும் வேண்டாம், ஆய்வும் தேவையில்லை என்று விலக்கு வைத்தார்கள். தொழில் வழித்தடம் என்று ஒரு வகை. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், அந்த வார்த்தைக்குள் எதைத்தான் அடக்க முடியாது?

2015 மார்ச்சில் மக்களவையில் மசோதா சுலபமாக நிறைவேறியது. அங்கே ஆளும் கட்சிக்குத் தனியாகவே பெரும்பான்மை இருந்தது. மேல்சபையில் இல்லை. வண்டி அங்கேதான் நின்றது. ஏப்ரலில் மறுபடி அவசரச் சட்டம் போட்டார்கள். மே மாதம் மூன்றாவது தடவை போட்டார்கள். மசோதாவைக் கூட்டுக் குழுவுக்கு அனுப்பினார்கள். நாடு முழுக்க விவசாயிகள் தெருவில் நின்றார்கள். கடைசியில் 2015 ஆகஸ்ட் 31-ந் தேதி அவசரச் சட்டம் காலாவதியாகிப் போனது. 2013 சட்டம் தப்பியது.

இதில் மேல்சபைக்குப் பங்கு உண்டு என்பதை மறைக்கக் கூடாது. தெருவில் போராட்டம் மட்டும் இருந்து, மேல்சபை என்று ஒன்று இல்லாமல் போயிருந்தால், மார்ச் மாதமே கதை முடிந்திருக்கும். நாம் திரளுவதற்கு ஐந்து மாதம் கிடைத்தது அந்தச் சபையால்தான்.

ஐந்து வருஷம் கழித்து அதே சபை என்ன செய்தது?

2020 ஜூன் 5. கொரோனா காலம். வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது என்று போலீஸ் லத்தியோடு நின்ற நாட்கள். அப்போது விவசாயத்தைப் பற்றி மூன்று அவசரச் சட்டங்கள் வந்தன. மண்டிக்கு வெளியே யாரும் வாங்கலாம் என்று ஒன்று, ஒப்பந்தச் சாகுபடிக்கு ஒன்று, உணவுப் பொருள் இருப்புக் கட்டுப்பாட்டைத் தளர்த்த ஒன்று. விவசாயம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. சந்தையும் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. உணவுப் பொருள் வியாபாரம் பொதுப்பட்டியலில் இருக்கிறதே என்று அந்த வழியாக உள்ளே வந்தார்கள். வரப்பை வெட்டி வரப்பு வழியாக வருகிற ஆளை நமக்குத் தெரியாதா?

மாநிலங்களுக்கான சபை என்று பெயர் வைத்திருக்கிற இடத்தில் முதலில் எழ வேண்டிய கேள்வி இதுதான். மாநில அதிகாரத்தில் கை வைக்கிறீர்களே, எந்த மாநிலத்தைக் கேட்டீர்கள்?

செப்டம்பர் 20, ஞாயிற்றுக்கிழமை. மாநிலங்களவையில் இரண்டு மசோதாக்கள். தேர்வுக் குழுவுக்கு அனுப்புங்கள் என்று எதிர்க்கட்சிகள் கேட்டன. எண்ணி ஓட்டெடுப்பு நடத்துங்கள், இத்தனை பேர் ஆதரவு இத்தனை பேர் எதிர்ப்பு என்று பதிவாகட்டும் என்று கேட்டார்கள். ஒருத்தர் கேட்டாலும் ஓட்டை எண்ண வேண்டும் என்பது சபை வழக்கம். அன்றைக்கு எண்ணவில்லை. சபையில் ஒரே அமளி. கேட்டவர்கள் தங்கள் இருக்கையில் இருந்து கேட்கவில்லை என்று பிறகு காரணம் சொன்னார்கள். இருக்கையில்தான் இருந்தோம் என்று கேட்டவர்கள் சொன்னார்கள். அந்தத் தகராறு எப்படியோ போகட்டும். "ஆம் என்போர் ஆம் என்க, இல்லை என்போர் இல்லை என்க" என்று குரல் ஓட்டிலேயே இரண்டு மசோதாவும் நிறைவேறிவிட்டன. மறுநாள் எட்டு உறுப்பினர்கள் சஸ்பெண்டு. இருபத்திரண்டாம் தேதி மூன்றாவதும் முடிந்தது. இருபத்தேழாம் தேதி ஜனாதிபதி கையெழுத்து.

அன்றைக்கு யார் ஆதரித்தார்கள், யார் எதிர்த்தார்கள் என்று கணக்கு கிடையாது. நம் ஊர் பால் சொசைட்டித் தேர்தலில்கூட ஓட்டை எண்ணி எழுதி வைக்கிறோம். கோடிக்கணக்கான குடும்பத்தின் பிழைப்பு சம்பந்தப்பட்ட சட்டத்துக்குச் சத்தத்தை வைத்துக் கணக்கு. தமிழ்நாட்டில் அப்போது ஆண்ட கட்சி இந்தச் சட்டங்களை ஆதரித்தது. ஆனால் நம் மாநிலத்து உறுப்பினர்களில் அன்று யார் யார் "ஆம்" என்றார்கள் என்று பெயர் போட்டு நோட்டீஸ் அடிக்கலாம் என்றால், பதிவே இல்லை. இதைத்தான் நாங்கள் பெரிய குற்றமாகப் பார்க்கிறோம். சட்டத்தை விடவும்.

மேல்சபை செய்யத் தவறிய வேலையைப் பிறகு யார் செய்தார்கள்? பஞ்சாப், ஹரியானா, மேற்கு உத்தரப்பிரதேசத்து விவசாயிகள் டெல்லி எல்லையில் ஒரு வருஷத்துக்கு மேல் உட்கார்ந்து செய்தார்கள். குளிரிலும் வெயிலிலும் எழுநூறு பேருக்கு மேல் இறந்ததாகப் போராட்டக் குழுக்கள் கணக்குச் சொல்கின்றன. 2021 நவம்பர் 29-ந் தேதி சட்டங்களைத் திரும்பப் பெற்றார்கள். அதையும் விவாதம் இல்லாமல், ஒரே நாளில் இரண்டு சபையிலும். போடும்போதும் பேச விடவில்லை, எடுக்கும்போதும் பேச விடவில்லை!

சபையில் நாலு நாள் உட்கார்ந்து வரிவரியாகப் படித்திருந்தால், தேர்வுக் குழு விவசாயிகளைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால், அத்தனை பேர் ரோட்டில் உட்கார வேண்டி வந்திருக்குமா? எங்கள் மனசு ஆறாமல் இருப்பது இதில்தான்.

பக்கத்து ஆந்திராவுக்கு வாருங்கள். அங்கே மாநிலத்திலேயே மேலவை இருக்கிறது. அமராவதியில் தலைநகர் கட்டப் போகிறோம் என்று சொல்லி விவசாயிகளிடம் முப்பதாயிரம் ஏக்கருக்கு மேல் நிலம் வாங்கினார்கள். பணம் கொடுத்து வாங்கவில்லை. நிலத்தைக் கொடு, தலைநகர் வளர்ந்ததும் வீட்டுமனையாகத் திருப்பித் தருகிறோம், அதுவரைக்கும் வருஷா வருஷம் குத்தகை தருகிறோம் என்று பேச்சு. 2019-ல் ஆட்சி மாறியது. ஒரு தலைநகர் இல்லை, மூன்று என்றார்கள். நிலம் கொடுத்தவன் கதி? 2020 ஜனவரியில் சட்டமன்றத்தில் மசோதா போட்ட வேகத்தில் நிறைவேறியது. மேலவையில் ஆளும் கட்சிக்குப் பெரும்பான்மை இல்லை. தேர்வுக் குழுவுக்கு அனுப்புகிறோம் என்று அவைத்தலைவர் சொல்லிவிட்டார். அதற்கு ஒரு வாரத்துக்குள் என்ன நடந்தது தெரியுமா? மேலவையையே ஒழிக்க வேண்டும் என்று சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டார்கள். பத்திரத்தைப் படித்துப் பார்க்கிறேன் என்று சொன்னவனை வீட்டை விட்டே துரத்துகிற கதை.

மாநில மேலவைக்கு மசோதாவைத் தடுக்கும் அதிகாரம் கிடையாது, கொஞ்ச காலம் தள்ளிப் போடலாம், அவ்வளவுதான். சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றி அனுப்பினால் முடிந்தது. அப்படியே ஜூலை முடிவில் கவர்னர் கையெழுத்தோடு சட்டம் ஆனது. ஆனால் அந்த ஆறு மாதத்தில் அமராவதி விவசாயிகள், பெண்கள் முன்னால் நின்று, போராட்டத்தை வேரூன்ற வைத்துவிட்டார்கள். கோர்ட்டுக்குப் போனார்கள். 2021 நவம்பரில் அரசே அந்தச் சட்டங்களை வாபஸ் வாங்கியது. 2022 மார்ச்சில் ஹைகோர்ட் தீர்ப்பு விவசாயிகள் பக்கம் வந்தது. மேலவையை ஒழிக்கும் தீர்மானம் என்ன ஆச்சு என்றால், அதற்குள் மேலவையில் ஆளும் கட்சிக்கே பெரும்பான்மை வந்துவிட்டது. தீர்மானத்தையும் அதே 2021 நவம்பரில் வாபஸ் வாங்கிக்கொண்டார்கள்! சிரிக்கிறதா அழுகிறதா?

நம் தமிழ்நாட்டில் மேலவை 1986-ல், எம்.ஜி.ஆர். ஆட்சியில், ஒழிக்கப்பட்டது. ஒரு நடிகையை நியமிப்பதில் வந்த தகராறு அதற்கு வழி விட்டது. பிறகு ஒரு ஆட்சி கொண்டுவரத் தீர்மானம் போடும், அடுத்த ஆட்சி வேண்டாம் என்று தீர்மானம் போடும். 2010-ல் பாராளுமன்றத்தில் சட்டமே ஆகிவிட்டது, 2011-ல் ஆட்சி மாறி நின்றுபோனது. இதற்கு நடுவில் 2014-ல் ஒன்று நடந்தது, பலருக்கு இன்னும் தெரியாது. 2013 மத்தியச் சட்டத்தில் கிடைத்த சம்மதமும் ஆய்வும் நம் மாநிலத்தில் மூன்று சட்டங்களின் கீழ் எடுக்கும் நிலத்துக்குப் பொருந்தாது என்று சட்டமன்றத்தில் திருத்தம் கொண்டுவந்து ஜனாதிபதி ஒப்புதலும் வாங்கினார்கள். தொழிற்பேட்டைக்கு எடுக்கிற சட்டமும் மாநில நெடுஞ்சாலைச் சட்டமும் அந்த மூன்றில் உண்டு. 2019-ல் ஹைகோர்ட் செல்லாது என்றது. உடனே அதே வருஷம் அவற்றை உயிர்ப்பிக்க இன்னொரு சட்டம். 2021-ல் சுப்ரீம் கோர்ட் அதைச் செல்லும் என்று சொல்லிவிட்டது. மேலவை இருந்திருந்தால் தடுத்திருக்கும் என்று நாங்கள் சத்தியம் பண்ண மாட்டோம். ஊருக்குச் சேதி தெரிய நாலு மாதம் கிடைத்திருக்கும். அதுதான் வித்தியாசம்.

எதிர்வாதமும் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். "மேல்சபை எல்லாம் பெரிய மனுஷனுக்குத்தான், தேர்தல்ல தோத்தவனுக்கு நாற்காலி" என்று நம் தோழர்களே சொல்கிறார்கள். பொய் இல்லை. இங்கிலாந்தில் பிரபுக்கள் சபை என்று வைத்திருந்தார்கள். பரம்பரையாக நிலம் வைத்திருந்த ஜமீன்தார்கள் பிறந்த உடனே உறுப்பினர் மாதிரி. 1909-ல் நிலத்துக்கு வரி போட்டு வயதானவர்களுக்குப் பென்ஷன் கொடுக்க பட்ஜெட் வந்தபோது பிரபுக்கள் அதைத் தள்ளினார்கள். இரண்டு தேர்தல் நடந்து, 1911-ல் சட்டம் போட்டு அவர்களுடைய தடுக்கும் அதிகாரத்தைப் பிடுங்கினார்கள். நம் மாநிலங்களவையிலும் 1970-ல் ராஜாக்களின் மானியத்தை ஒழிக்கும் திருத்தம் ஒரு ஓட்டுக்கும் குறைவான வித்தியாசத்தில் தோற்றது. நியூசிலாந்து 1950-லும், டென்மார்க் 1953-லும், பக்கத்து இலங்கை 1971-லும் மேல்சபையை மூடிவிட்டார்கள். மூடிய நாடெல்லாம் முழுகிவிடவில்லை.

ஆனால் பிரான்சில் வேறு மாதிரி. அங்கே செனட் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுப்பவர்களில் பெரும்பகுதி ஊராட்சி, நகராட்சி மன்றங்கள் அனுப்பும் ஆட்கள். எத்தனை சின்னக் கிராமமாக இருந்தாலும் ஒரு ஓட்டாவது உண்டு. 1969-ல் பெரிய தலைவர் தெகோல் அந்தச் செனட்டின் அதிகாரத்தைக் குறைக்கப் பொது வாக்கெடுப்பு வைத்தார். தோற்றார். மறுநாளே பதவியை விட்டுப் போனார். அயர்லாந்து மேல்சபையில் விவசாயத்துக்கென்றே 11 இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அந்த 11 பேரைத் தேர்ந்தெடுப்பதும் கட்சி அரசியல்வாதிகள்தான். ஆகவே ஏர் பிடித்தவனை விட கட்சிக் கொடி பிடித்தவன்தான் வருகிறான். 2013-ல் சபையை மூடலாமா என்று மக்களைக் கேட்டார்கள். வேண்டாம், இருக்கட்டும் என்று நூற்றுக்கு 51 பேருக்குக் கொஞ்சம் மேல் ஓட்டுப் போட்டார்கள்.

நம் சபையில் விவசாயிக்கு என்ன இடம்? ஜனாதிபதி நியமிக்கும் 12 பேருக்கு அரசியல் சட்டம் சொல்லும் தகுதி இலக்கியம், அறிவியல், கலை, சமூக சேவை. நூற்றில் பாதிப் பேர் பிழைக்கும் விவசாயம் அந்த வரிசையில் இல்லை. பாட்டுக்கும் நடிப்புக்கும் இடம் இருக்கட்டும், வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை.

அடுத்தது 2003-ல் செய்த ஒரு திருத்தம். அதுவரை ஒரு மாநிலத்திலிருந்து மேல்சபைக்குப் போக அந்த மாநிலத்தில் குடியிருப்பவராக இருக்க வேண்டும். அதை எடுத்துவிட்டார்கள். 2006-ல் சுப்ரீம் கோர்ட்டும் சரி என்றது. இப்போது யாரும் எந்த மாநிலத்திலிருந்தும் போகலாம். நம்ம ஆற்றில் தண்ணீர் வருகிறதா இல்லையா என்று பார்க்காதவர் நம் மாநிலத்தின் பெயரில் உட்காரலாம். பிறகு அது எப்படி மாநிலங்களின் சபை?

நாங்களே ஒருமுறை அனுபவப்பட்டோம். விதை மசோதா சம்பந்தமாக மனு கொடுக்க ஏழு பேர் வேன் பிடித்து ஒரு மேல்சபை உறுப்பினர் வீட்டுக்குப் போனோம். பெயர் வேண்டாம். மூன்று மணி நேரம் காத்திருந்தோம். உதவியாளர் வந்து, "தொகுதி எம்.பி.கிட்ட கொடுங்க, அண்ணனுக்குத் தொகுதி கிடையாது" என்றார். நாங்கள் சொன்னோம்: "தம்பி, அண்ணனுக்குத் தமிழ்நாடு முழுக்கத் தொகுதிதான்." மனுவை வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு தகவல் இல்லை.

அந்த விதை மசோதா 2004-ல் மாநிலங்களவையில்தான் அறிமுகம் ஆனது. நிலைக்குழுவுக்குப் போய், விவசாயி தன் விதையை வைத்துக்கொள்ளவும் மாற்றிக்கொள்ளவும் விற்கவும் உள்ள உரிமை எல்லாம் கேள்விக்கு வந்து, 2006-ல் குழு அறிக்கை கொடுத்தது. மசோதா நிறைவேறாமலே கிடந்தது. மெதுவாகப் போனது நமக்கு நஷ்டமாகவில்லை. 2025 நவம்பரில் மத்திய அரசு புது விதை மசோதா வரைவு ஒன்றை வெளியிட்டது. அதுவோ அதுபோன்ற எதுவோ எந்த உருவத்தில் வந்தாலும் 2020 செப்டம்பர் 20 போல் சத்தத்தில் போகக் கூடாது.

தொகுதி மறுவரையறைப் பேச்சு வேறு இருக்கிறது. 2001-ல் செய்த 84-வது திருத்தம் அதை 2026-க்குப் பிறகு வரும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரை தள்ளி வைத்தது. தலை எண்ணிக்கை வைத்து மக்களவை இடம் கூடினால், பிள்ளை பெறுவதைக் கட்டுப்படுத்திய மாநிலங்களின் பங்கு குறையும். அமெரிக்காவில் பெரிய மாநிலமோ சின்ன மாநிலமோ செனட்டில் ஆளுக்கு இரண்டு இடம். இங்கே மேல்சபையிலும் மக்கள்தொகைதான் பெரும்பாலும் கணக்கு: உத்தரப்பிரதேசத்துக்கு 31, நமக்கு 18, சிக்கிம், கோவா போன்றவற்றுக்கு ஒவ்வொன்று. கீழே குறையப் போகிற பலத்தை மேலேயாவது ஈடு கட்டுங்கள் என்று கேட்பதற்கு இதுதான் நேரம்.

ஆகவே எங்கள் சங்கத்தின் நிலை இது. மேல்சபையை ஒழிக்க வேண்டாம். கட்சித் தலைவர்களின் திண்ணையாக இருப்பதையும் ஏற்க மாட்டோம். நிலம், நீர், விதை, விளைபொருள் சந்தை பற்றிய எந்த மசோதாவும் மாநிலங்களவையில் தேர்வுக் குழுவுக்குப் போயே ஆக வேண்டும், அந்தக் குழு கிராமத்துக்கு வந்து நம்மைக் கேட்க வேண்டும். கடைசி ஓட்டு பெயரோடு பதிவாக வேண்டும். குடியிருப்பு விதி திரும்ப வேண்டும். நியமன வரிசையில் விவசாயம் என்ற வார்த்தை சேர வேண்டும்.

அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக வையுங்கள். தலைவர் "இது நம்ம விஷயம் இல்ல" என்பார். விடாதீர்கள், பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள், நகல் வாங்குங்கள். நகலோடு நம் ஒன்றிய நிர்வாகிகளிடம் வாருங்கள். தமிழ்நாட்டின் 18 மாநிலங்களவை உறுப்பினர்களுக்கும் ஆளுக்கொரு கட்டுக் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறோம். வாங்க மறுப்பவர் வீட்டு வாசலில் உட்காருவோம். வேன் செலவுக்குத் தலைக்கு ஐம்பது ரூபாய், சோறு வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வரவும்.